யாருக்கு எந்த நாவல்? சரித்திரம், மர்மம், காதல்: வாசிக்கவும் கைமாற்றவும்

ஒரு நல்ல நாவல் சொல்லுங்களேன் என்று யாராவது கேட்டால் நமக்குப் பிடித்ததை உடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். பரிந்துரை அங்கேயே சறுக்கிவிடுகிறது. கேட்டவர் ஒரு மூச்சில் எவ்வளவு நேரம் வாசிப்பார், கடைசியாக எதை முடித்தார், எதைப் பாதியில் போட்டார் என்று தெரியாமல் கொடுக்கும் புத்தகம் நேராக அலமாரிக்குத்தான் போகும். ஐந்து பாகச் சரித்திர நாவலை ஆசையோடு வாங்கி, முதல் பாகத்தின் நாற்பதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி மூடிவைத்த வீடுகள் நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை நிறைய உண்டு. அந்த நாவலை அவர்களுக்கு வேறொரு மாதத்தில், வேறொரு வரிசையில் கொடுத்திருந்தால் முடித்திருப்பார்கள்.

கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி

முதல் கேள்வி: "கடைசியா முழுசா வாசிச்சு முடிச்சது எது?" பிடித்த புத்தகம் எது என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பள்ளிக்கூடத்தில் காதில் விழுந்த பெரிய பெயர் ஒன்றைச் சொல்வார்கள். முடித்தது எது என்று கேட்டால்தான் உண்மையான ருசி தெரியும். பத்து வருடமாகப் புத்தகமே தொடாதவர் என்றால், விடாமல் பார்த்த சீரியல் எது என்று கேட்டாலும் போதும்.

இரண்டாவது: "எதைப் பாதியில விட்டீங்க? எந்த இடத்துல?" மூன்றில் அதிகம் உதவுவது இதுதான். "பேரு எல்லாம் குழம்பிப் போச்சு" என்றால் பாத்திரங்கள் குறைந்த நாவல் வேண்டும். "வர்ணனை இழுக்கு" என்றால் உரையாடல் ஓடும் நாவல். "ஒரே அழுகை" என்றால் முடிவு சுபமாக இருக்க வேண்டும். காரணம் தெரியாமல் அதே வகையில் இன்னொன்றைக் கொடுத்தால் அவர் அதே இடத்தில்தான் மறுபடியும் நிற்பார்.

மூன்றாவது, எப்போது வாசிப்பார்? நம் குமரி மாவட்டத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு நேரம். ரப்பர் பால் வெட்டுகிறவருக்குக் காலையில் கை ஒழியாது, மதியத்துக்கு மேல் ஓய்வு. முந்திரி ஆலையில் இருக்கும் அக்காமாருக்குக் கை முழுக்க எண்ணெய், ஒலிநூல்தான் சரிவரும். திருவனந்தபுரத்துக்குப் பாசஞ்சர் ரயிலில் தினமும் போய்வருகிறவருக்கு ஒரு வழிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கிடைக்கும், ஆனால் உட்கார இடம் கிடைத்தால்தான். விசைப்படகுக்காரர்களுக்கு மீன்பிடித் தடைக்காலம்: குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வருவதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டுமே 61 நாள். நீண்ட நாவலுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. பொன்னியின் செல்வனில் ஐந்து பாகத்துக்கும் சேர்த்து 293 அத்தியாயம். நாளுக்கு ஐந்து என்று போனால் 59 நாளில் முடிந்துவிடும், இரண்டு நாள் மிச்சம்.

ஒலிநூல் விஷயத்தில் ஒன்று. விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் கேட்கிறவர்கள் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். சருகில் ஏதாவது அசைந்தால் மற்ற காதுக்குக் கேட்க வேண்டும். மர்ம நாவலை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளவும் வேண்டாம். கதையில் மூழ்கினால் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கிவிடும்.

சரித்திர நாவல்: முதல் நூறு பக்கத்தைக் கடப்பது எப்படி

சரித்திர நாவலை விடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் நூறு பக்கத்துக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். கதை பிடிக்காமல் விடுவதில்லை, பெயர்கள்தான் மலைக்க வைக்கின்றன. ஒரே ஆளுக்கு இயற்பெயர், பட்டப்பெயர், ஊர் வைத்த பெயர் என்று மூன்று இருக்கும்; தாத்தாவின் பெயர் பேரனுக்கும் இருக்கும். அதற்கு வழி, அட்டையின் உட்பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி வம்ச வரிசையைப் பென்சிலில் எழுதிக்கொள்வது. சோழர் கதைகளுக்கு இவ்வளவு போதும்: முதலாம் பராந்தகனின் மக்கள் இராசாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர். அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர். சுந்தர சோழருக்கு ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. கண்டராதித்தர் வழியில் மதுராந்தகன். இதற்கு மேல் முன்கூட்டியே எழுத வேண்டாம், கதையின் முடிச்சே இந்த வரிசையில்தான் இருக்கிறது. வாசிக்க வாசிக்க நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: வாசிக்கும்போது கைப்பேசியில் பாத்திரத்தின் பெயரைத் தேடாதீர்கள். உண்மையில் வாழ்ந்த ஆள் என்றால் முதல் வரியிலேயே அவர் எந்த ஆண்டு, எப்படி இறந்தார் என்று வந்துவிடும். நாவலாசிரியர் ஆயிரம் பக்கம் கட்டிக் காத்த முடிவு அங்கே போய்விடும். தேடலை எல்லாம் முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அது தனி இன்பம். பொன்னியின் செல்வனை முடித்தவுடன் சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றி வாசித்தால், கதையில் எது சரித்திரம், எது கல்கியின் கைவண்ணம் என்று தெளிவாகும். வந்தியத்தேவன் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறான். நந்தினியும் பூங்குழலியும் கற்பனை.

பதிப்பு வாங்கும்போது கவனம். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். கெட்டி அட்டையில் ஒரே தொகுதியாக மலிவாகக் கிடைப்பதில் எழுத்து பொடியாக இருக்கும், சிலது சுருக்கப் பதிப்பாகவும் இருக்கும். அட்டையில் அதைப் பெரிதாகப் போட மாட்டார்கள். பொருளடக்கத்தைத் திருப்பி அத்தியாயங்களை எண்ணுங்கள்: பாகவாரியாக 57, 53, 46, 46, 91 இருக்க வேண்டும். குறைந்தால் வேண்டாம். கண்ணாடி போட்ட பெரியவர்களுக்குத் தனித்தனிப் பாகமாக வாங்குவதே நல்லது. ஒற்றைத் தொகுதியைப் படுத்துக்கொண்டு பிடிக்கக் கை வலிக்கும். நாட்டுடைமை நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகவே இருக்கின்றன. எழுத்தளவைக் கூட்ட முடிந்தால் வயதானவர்களுக்கு அதுவே வசதி.

2022, 2023இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வருகிறவர்களிடம் ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும்: நாவல் நிதானமானது, வந்தியத்தேவன் குதிரையில் போய்க்கொண்டே இருப்பான், வழியெல்லாம் பேச்சு. இதைச் சொல்லிக் கொடுத்தால் பொறுத்திருந்து வாசிக்கிறார்கள். பெயரே புதிது என்கிறவருக்கு முதலில் பார்த்திபன் கனவு. ஒரே புத்தகம், ஆட்கள் குறைவு, யார் யார் என்ற மர்மமும் உண்டு.

வேணாட்டுக் (பிற்காலத் திருவிதாங்கூர்) கதைகளுக்கு வேறு இரண்டு தயாரிப்பு வேண்டும். ஒன்று, மருமக்கள்தாயம். அரசனுக்குப் பின் அவன் சகோதரியின் மகன் பட்டத்துக்கு வருவான், சொந்த மகன் அல்ல. இது தெரியாமல் மார்த்தாண்டவர்மரின் காலத்துக் கதைகளுக்குள் போனால், முந்தைய அரசர் ராமவர்மாவின் மக்களான தம்பிமார் ஏன் அத்தனை கோபத்தோடு அலைகிறார்கள் என்பதே பிடிபடாது. வீட்டில் பாட்டி இருந்தால் பத்து நிமிடத்தில் விளக்கிவிடுவார். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். சி. வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலான மார்த்தாண்டவர்மா 1891இல் வெளிவந்தது. அந்தப் பகையின் மேல்தான் அது நிற்கிறது.

இரண்டாவது, அந்த நாட்டின் ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு. ஆவணியில் பிறக்கும் இந்த ஆண்டோடு, டிசம்பர் முடியும் வரையான நிகழ்ச்சிக்கு 824, ஜனவரிக்குப் பின் வரும் நிகழ்ச்சிக்கு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். கொல்லம் 916 ஆடியில் நடந்த குளச்சல் போருக்கு 825 கூட்டுங்கள்: 1741.

நமக்கு இருக்கும் வசதி, கதை நடந்த இடத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்டில் போய்விடலாம். மார்த்தாண்டவர்மா வாசித்தவர்கள் தக்கலைக்குப் போய்ப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே உயரம் குறைந்த வாசல்களில் குனிந்து, இருட்டான ஒடுக்கமான படிகளில் ஏறும்போது, ஒளிந்து நின்று ஒட்டுக்கேட்கும் காட்சிகள் எல்லாம் எப்படிச் சாத்தியம் என்று உடம்புக்கே தெரிந்துவிடும். பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை; குளச்சலில் பிடிபட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுப் படைத் தலைவர் டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. போவது நாவலை முடித்த பிறகாக இருக்கட்டும். முதலில் போனால் வெறும் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

ஆரல்வாய்மொழி, பூதப்பாண்டி பக்கத்து வாசகருக்கு ஜெயமோகனின் குமரித்துறைவி நல்ல தொடக்கம். 2021இல் வந்தது, சிறியது. படையெடுப்புக் காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்டுக் காக்கப்பட்ட மதுரை மீனாட்சியைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடுகள்தான் கதை. சதியும் சண்டையும் எதிர்பார்ப்பவருக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பெரிய கல்யாணத்தை முன்னின்று நடத்தும் ஆளின் பதற்றமும் நிறைவும் யாருக்குப் பிடிக்குமோ அவருக்குக் கொடுங்கள். மகளுக்குக் கல்யாணம் முடித்த தகப்பன்மார் இதில் கரைந்து போவார்கள்.

மர்மம்

மர்ம நாவல் வாசிப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. கடைசியில் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லப்பட வேண்டும் என்பது ஒன்று. அமானுஷ்யம் அமானுஷ்யமாகவே இருக்கட்டும் என்பது மற்றொன்று. எந்தக் கட்சி என்று கேட்காமல் கொடுத்தால் இரண்டு பேருக்குமே ஏமாற்றம். முதல் கட்சிக்குச் சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன். இரண்டாவது கட்சிக்கு இந்திரா சௌந்தர்ராஜன். எந்தக் கட்சி என்று தனக்கே தெரியாதவரிடம் சுஜாதாவின் கொலையுதிர் காலத்தைக் கொடுத்துப் பாருங்கள். விஞ்ஞானமா, ஆவியா என்று கதைக்குள்ளேயே வாதம் நடக்கும். முடித்துவிட்டு வந்து யார் பக்கம் பேசுகிறார் என்பதிலிருந்து அடுத்த புத்தகத்தை முடிவு செய்துவிடலாம்.

மாத நாவல் என்றால் ஒரே இருப்பில் வாசிக்க வேண்டும். ராஜேஷ்குமார் கதைகளில் சம்பந்தமில்லாத இரண்டு தடங்கள் மாறி மாறி அத்தியாயமாக வந்து கடைசியில் இணையும். நான்கு நாள் இடைவெளி விட்டால் ஒரு தடம் மறந்துபோய், இணைகிற இடத்தில் அதிர்ச்சியே இருக்காது. சுமார் நூறு பக்கம்தான், மழை பிடித்த ஒரு சாயங்காலம் போதும்.

நூலகத்தில் எடுக்கும் பழைய மர்ம நாவலை அப்படியே வாசிக்கத் தொடங்காதீர்கள். முன்பு எடுத்த யாரோ ஒருவர் எட்டாம் பக்கத்து ஓரத்தில், "இவன்தான் கொலைகாரன்" என்று பென்சிலில் எழுதி அம்புக்குறியும் போட்டிருப்பார். வேறு யாரையாவது புரட்டிப் பார்க்கச் சொல்லி அழிரப்பரால் அழித்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். கடைசித் தாள் இருக்கிறதா என்றும் அவரே பார்க்கட்டும். பழைய மாத நாவல்களில் முதலில் கழன்று போவது கடைசித் தாள்தான். பின்னட்டைச் சுருக்கத்தையும் நம்ப வேண்டாம், பாதிக் கதையை அங்கேயே சொல்லிவிடுகிறார்கள்.

பரிந்துரைக்கும்போது "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு" என்று சொல்வதும் கதையைச் சொல்வதும் ஒன்றுதான். அதைக் கேட்டவர் முதல் பக்கத்திலிருந்தே எல்லாரையும் சந்தேகப்பட்டு, ஐம்பதாம் பக்கத்தில் கண்டுபிடித்துவிட்டு, "இவ்வளவுதானா" என்பார். கதை எங்கே நடக்கிறது, முதல் சிக்கல் என்ன என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காதல் நாவல்

அதிகம் வாசிக்கப்படுவதும், வாசிப்பதை வெளியே சொல்லக் கூச்சப்படுவதும் இந்த வகையைத்தான். கேட்கிறவரைக் கூச்சப்பட வைக்காமல் இருப்பது பரிந்துரைக்கிறவரின் பொறுப்பு. ரமணிசந்திரனை முப்பது வருடமாக விடாமல் வாசிக்கும் ஒரு மாமிக்கு, குடும்பத்துக்குள் ஒரு சொல் எப்படிப் புண்படுத்தும் என்பதில் இருக்கும் கவனம் பெரிய வாசகர்களுக்குக்கூட இருக்காது.

இப்போது இந்த வகை இணையத்தில் தொடராகத்தான் பெருகுகிறது. வாரத்துக்கு இரண்டோ மூன்றோ யூடி (புதிய அத்தியாயம்) வரும். முடிந்ததும் சில நாள் வைத்திருந்துவிட்டு, கிண்டிலில் போடுவதற்காக எழுதியவரே எடுத்துவிடுவார். அதனால் இணைப்பை அனுப்புமுன் "நிறைவுற்றது" என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எப்போது எடுக்கப்போகிறார் என்ற அறிவிப்பையும் பாருங்கள். பாதியில் நின்றுபோன தொடரைப் பரிந்துரைத்தால் அடுத்த முறை உங்கள் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். பிடிஎஃப் ஆக்கிக் குழுக்களிலே சுற்ற விடுவது எழுதுகிறவரின் வருமானத்தில் கைவைப்பது; அதைச் செய்யாதீர்கள்.

கொடுக்குமுன் சொல்லியே ஆக வேண்டிய விஷயங்கள் உண்டு. ஆன்டி ஹீரோ (கொடுமைக்கார நாயகன்) கதையா, கட்டாயக் கல்யாணமா, அடிப்பதைக் காதல் என்று காட்டுகிறதா, குழந்தை இறக்கிறதா, தற்கொலை வருகிறதா, படுக்கையறைக் காட்சி எந்த அளவுக்கு. சாண்டில்யனின் சரித்திர நாவல்களுக்கும் இது பொருந்தும். யவன ராணி இரண்டு பாகம், கடல் புறா மூன்று பாகம். கடலும் வாளும் கொண்டு இழுக்கும், ஆனால் சிருங்கார வர்ணனை தாராளம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது தாயிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சொல்லும் முறை

ஒரு புத்தகத்தைப் பற்றி ஆறு வாக்கியத்துக்கு மேல் பேசினால் கதை கசிந்துவிடும். எங்கே, யார், எதில் மாட்டிக்கொண்டார், புத்தகம் எவ்வளவு பெரிது, ஒரு எச்சரிக்கை, கேட்டவர் முன்பு முடித்த புத்தகத்தோடு ஒரு தொடர்பு. ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு 1964இல் வந்த நாவல், நம் மண்ணின் காதல் கதை. ரமணிசந்திரன் வாசகிக்கு இப்படிச் சொல்லலாம்:

"எக்கா, பனைவிளைன்னு ஒரு ஊரு, நம்ம பக்கம்தான். பழைய பெருமை மட்டும் மிச்சமிருக்க ஒரு வீட்டுல லிஸின்னு ஒரு பிள்ள. பனையேறி மவன் தங்கராஜைப் பிடிச்சுப் போச்சு, வீடு சம்மதிக்குமாங்கதுதான் கதை. சின்னப் புஸ்தகம், பேச்செல்லாம் நம்ம பேச்சு. இடையில ஒரு துக்கம் உண்டு, பாத்துக்கிடுங்க. உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வீட்டுக்குள்ளேயே நடக்க கதைதான்."

இதே புத்தகத்தைச் சென்னையிலோ கோவையிலோ இருக்கும் தோழிக்குச் சொல்வதாக இருந்தால் எச்சரிக்கையை மாற்ற வேண்டும்: முதல் இருபது பக்கத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குப் புரியாத பேச்சு காதுக்குப் புரியும்.

ஒரே நேரத்தில் ஐந்து பெயர் சொல்ல வேண்டாம். ஒன்று கையில், ஒன்று மாற்றாக. ஒரு வாரம் கழித்து "முடிச்சாச்சா?" என்று கேட்டால் பரீட்சை கேட்கிற மாதிரி இருக்கும், "இப்ப எந்த இடத்துல நிக்கு?" என்று கேளுங்கள். "கொள்ளாம்" (நல்லாயிருக்கு) என்று மட்டும் பதில் வந்தால் இன்னும் அவர் கதைக்குள் போகவில்லை. பாத்திரத்தின் பெயரைச் சொல்லித் திட்டத் தொடங்கினால் முடித்துவிடுவார்.

பல பாக நாவலைத் தொடங்குமுன் எல்லாப் பாகமும் கிடைக்குமா என்று பாருங்கள். கிளை நூலகங்களில் முதல் பாகமும் மூன்றாம் பாகமும் இருக்கும், இரண்டாவது யார் வீட்டிலோ இருக்கும். அப்படியென்றால் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் விசாரித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. இரவல் கொடுக்கும்போது முதல் இரண்டு பாகத்தையும் சேர்த்தே கொடுங்கள். இரண்டாவதற்காக நான்கு நாள் காத்திருந்தால் சூடு ஆறிவிடும். பெயரும் தேதியும் ஒரு நோட்டில் இருக்கட்டும். மழைக்காலத்தில் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிடாதீர்கள். உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும்.

அடுத்தது எது என்று கேட்டால்

பொன்னியின் செல்வனை முடித்தவர் உடனே இன்னொரு அரண்மனைச் சதியைத்தான் கேட்பார். ஆனால் அதே சுவை இரண்டாம் முறை இறங்காது. அவருக்குச் சு. வெங்கடேசனின் வேள்பாரி: சங்க காலம், பறம்பு மலை, காடு. வேகம் குறையாது. இராஜராஜனை விட மனமில்லாதவருக்குப் பாலகுமாரனின் உடையார், ஆறு பாகம். கோயில் கட்டுவதன் கதை என்பதால் நிதானம் தேவை. அதே ஆசிரியர் என்று வேள்பாரிக்குப் பின் காவல் கோட்டத்தை எடுத்தால் ஆயிரம் பக்கத்துக்கு மேல், நடையும் வேறு. இடையில் சிறிய மர்ம நாவல் ஒன்றை வைத்துவிட்டுப் போங்கள். சரித்திரம் பிடிக்காத கணேஷ்-வசந்த் ரசிகரைச் சோழர் காலத்துக்கு இழுக்கச் சுஜாதாவின் காந்தளூர் வசந்தகுமாரன் கதை இருக்கிறது, ஒரே நாளில் முடியும்.

கொடுத்த இரண்டு புத்தகமும் அவருக்கு ஒட்டவில்லை என்றால் மூன்றாவதை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். நூலகத்துக்குக் கூட்டிப்போய் அலமாரி முன் நிறுத்தி, நான்கைந்தை எடுத்து முதல் இரண்டு பக்கத்தை நின்றபடியே வாசிக்கச் சொல்லுங்கள். எதில் கேட்காமலே மூன்றாம் பக்கத்தைத் திருப்புகிறாரோ, அதை அவர் பெயரில் பதிந்து எடுத்துக் கொடுங்கள்.